கோர்ட்டினாவில் ஒரு வெள்ளை வாரம்: டோலமைட் மலையில் பனிச்சறுக்கு விடுமுறைக்கு முழுமையான வழிகாட்டி

இத்தாலியர்கள் பனிச்சறுக்குக்காக ஒதுக்கும் வாரத்தை 'செத்திமானா பியாங்கா' என்பார்கள். வெள்ளை வாரம் என்று பொருள். அந்த வாரத்தைக் கழிக்க அவர்கள் ஆசைப்படும் ஊர்களில் முன்வரிசையில் நிற்பது கோர்ட்டினா தாம்பெட்ஸோ. வெனிஸுக்கு வடக்கே, டோலமைட் மலைகளுக்கு நடுவில், 1,224 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம்போல அமைந்த பள்ளத்தாக்கு ஊர் அது. 1956-இல் குளிர்கால ஒலிம்பிக் இங்கே நடந்தது. 2026 ஒலிம்பிக்கை மிலானுடன் பகிர்ந்துகொண்டதும் இதே ஊர்தான்.

பணக்காரர்கள் வரும் ஊர் என்ற பெயர் இதற்கு உண்டு, அது பொய்யில்லை. கோர்சோ இத்தாலியா என்ற நடைவீதியில் மாலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால் தெரியும்: ரோமக் கோட்டுகள், நகைக்கடைகள், கையில் நாய்க்குட்டிகள். ஆனால் அந்தப் பகட்டுக்குப் பணம் கொடுக்காமலே இந்த ஊரின் நல்ல பகுதியை அனுபவிக்க முடியும். எங்கே செலவு செய்வது, எங்கே கையை இறுக்கிக்கொள்வது என்று தெரிந்தால் போதும். முதல் முறை பனிச்சறுக்கு பழகப் போகிறவரையும், கொஞ்சம் பழகியவரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஹோட்டலில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து, அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

முதலில் தேதி

மற்ற எல்லாமே தேதியைப் பொறுத்தது. பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கம்வரை ஓடும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை ஊர் நிரம்பி வழியும். ஜனவரி 6 அங்கே 'எபிஃபானியா' பண்டிகை. அன்றோடு இத்தாலியப் பள்ளி விடுமுறை முடிகிறது. மறுநாளே ஊர் காலியாகி, அறை வாடகை இறங்கிவிடும். பிப்ரவரியில் கார்னிவல் விடுமுறை வந்ததும் மறுபடி ஏறும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையைத்தான் பார்ப்பார்கள். அது மிகச் சரியாக உச்ச விலை வாரத்தில் போய் விழும். அதைவிடப் பொங்கல் விடுமுறையைப் பாருங்கள். நான்கைந்து நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டால் ஜனவரி நடுவில் ஒரு முழு வாரம் கிடைக்கும். பனி கெட்டியாக இருக்கும், வரிசை குறைவு, விலையும் தணிந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெண்களுக்கான உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி வழக்கமாக ஜனவரியின் பின்பாதியில் கோர்ட்டினாவுக்கு வரும். அந்த வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம். போட்டியைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் பல மாதங்களுக்கு முன்பே அறையைப் பிடித்துவிடுங்கள்.

குளிர் உங்களுக்குப் பயம் என்றால் மார்ச் நடுவுக்குப் பிறகு போகலாம். வெயில் இதமாக இருக்கும், பகலும் நீளம். ஆனால் மதியத்துக்கு மேல் பனி இளகிச் சேறுபோல ஆகிவிடும். புதிதாகப் பழகுகிறவரின் கால்களுக்கு அது பெரிய சோர்வு.

விசாவும் காப்பீடும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக விடக் கூடாது. விண்ணப்பத்தை வி.எஃப்.எஸ். மையங்கள் வாங்குகின்றன. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஜனவரிப் பயணம் என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே நேரம் குறித்துவிடுங்கள். டிசம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு 'ஆபத்தான விளையாட்டு' என்று விலக்கப்பட்டிருக்கும். தூதரகம் அந்தத் தாளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் மலையில் முழங்கால் திருகிக்கொண்டால் அதே தாள் உதவாது. குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

இது போக இன்னொரு காப்பீடும் உண்டு. நீங்கள் யார் மீதாவது மோதிக் காயப்படுத்தினால் இழப்பீடு தருவதற்கான காப்பீடு அது. 2022 ஜனவரி முதல் இத்தாலியச் சறுக்குத் தடங்களில் இது இல்லாமல் இறங்கக் கூடாது என்பது சட்டம். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கான பாஸ் வாங்கும்போதே சில யூரோ சேர்த்துக் கொடுத்தால் நாள் கணக்கில் கிடைத்துவிடும். ஹெல்மெட்டும் அப்படித்தான். முன்பு சிறுவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது, 2025–26 பருவத்திலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

போய்ச் சேரும் வழி

கோர்ட்டினாவுக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் மலைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்ன ரயில் வந்தது. 1964-இல் அது நின்றுபோய், தண்டவாளம் கிடந்த வழி இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டது. ஆகவே வெனிஸ் மார்கோ போலோ விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தோ மெஸ்த்ரே ரயில் நிலையத்திலிருந்தோ பஸ் பிடிப்பதே எளிது. சுமார் 160 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம்வரை ஆகும். இருக்கையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ரயிலில்தான் போக வேண்டும் என்றால் கலால்ட்சோ வரை போய், மீதி முப்பத்தைந்து கிலோமீட்டரை உள்ளூர் பஸ்ஸில் கடக்கலாம்.

கார் எடுக்கிறீர்களா? சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ, வண்டியில் சங்கிலியோ இருக்க வேண்டும். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். ஊருக்குள் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

எங்கே தங்குவது

ஊர் நடுவில், கோர்சோ இத்தாலியாவுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினால் ஃபலோரியா கேபிள் கார் பக்கத்தில் இருக்கும். மாலையில் கடை, சர்ச் மணிக்கூண்டு, காபிக்கடை எல்லாம் காலடியில். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களின் தடங்கள் ஊரின் மறுபக்கம், தொஃபானா மலையின் அடிவாரத்தில், சோக்ரேபெஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தப் பக்கமாகத் தங்குவது நல்லது. தினமும் காலையில் பிள்ளைகளின் பூட்ஸையும் பலகையையும் சுமந்துகொண்டு பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செலவு கட்டுப்படி ஆகவில்லை என்றால் தெற்கே பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான் வீத்தோவைப் பாருங்கள். அமைதியான ஊர், தனக்கென்று சின்னச் சறுக்குத் தடங்களும் உண்டு. கோர்ட்டினாவுக்கு பஸ் இருக்கிறது. பழகுகிற முதல் இரண்டு நாளை அங்கேயே கழித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அறை பிடிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பூட்ஸ் உலர்த்தும் அறை இருக்கிறதா, இரவுச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா? ஈர பூட்ஸை மறுநாள் காலையில் மாட்டுவதுபோன்ற வேதனை வேறில்லை. இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்த 'அரைத் தங்கல்' எடுத்தால், ஊர் நடுவின் உணவக விலைகளிலிருந்து தப்பிக்கலாம்.

உடை

எங்கள் முதல் பயணத்தில் பருத்தி பனியன்களை அள்ளிக்கொண்டு போனோம். அதுதான் செய்யக் கூடாதது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லிஃப்டில் உட்கார்ந்து காற்று அடிக்கும்போது அந்த ஈரமே உடம்பை நடுங்க வைக்கும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட், பேன்ட். இவ்வளவு போதும். சாக்ஸ் ஒரே ஒரு ஜோடிதான், முழங்கால்வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ். குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும்.

வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து மூக்குத் தோல் உரிந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்பிஎஃப் 50 கிரீம், உதட்டுக்கு பாம், கண்ணுக்கு காகில்ஸ். ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் ஒரு வாரத்துக்காக விலை கொடுத்து வாங்க வேண்டாம். நண்பர்களிடம் இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். கையுறை மட்டும் நல்லதாகச் சொந்தத்தில் வாங்குங்கள்.

பூட்ஸ்: இங்கே அவசரம் வேண்டாம்

வாடகைக் கடையில் பலகையின் நிறத்தைப் பார்த்து நேரத்தைக் கழிப்பார்கள், பூட்ஸை இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உண்மையில் அது தலைகீழாக இருக்க வேண்டும். பலகை உங்கள் பேச்சைக் கேட்பது பூட்ஸ் வழியாகத்தான். எனக்கு ஒரு கடையில் ஒரு அளவு பெரிய பூட்ஸ் கொடுத்தார்கள். போட்டதும் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் மாலை கணுக்காலெல்லாம் காயம், கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. உள்ளே கால் வழுக்கிக்கொண்டே இருந்ததால் பலகை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

சரியான பூட்ஸை இப்படிச் சோதியுங்கள். நேராக நின்றால் விரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. இறுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கலாம், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் குத்தக் கூடாது. கடையிலேயே பத்து நிமிடம் நடந்து பாருங்கள். அளவு சென்டிமீட்டரில் இருக்கும், உங்கள் பாதத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

பலகையின் நீளம், பழகுகிறவருக்கு, தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் போதும். பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பிடிப்பு, விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். அதை எடை, உயரம், வயது, திறமை பார்த்துத்தான் கடைக்காரர் திருகி வைப்பார். ஆகவே எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். முழங்காலைக் காப்பாற்றுவது அந்தத் திருகுதான். வந்து சேர்ந்த அன்று மாலையே கடைக்குப் போய்விடுங்கள், மறுநாள் காலை ஊரே அங்கே நிற்கும்.

லிஃப்ட் பாஸ்

கோர்ட்டினாவுக்கு மட்டுமான பாஸ் ஒன்று, டோலமைட் மலையின் பன்னிரண்டு சறுக்குப் பகுதிகளையும் சேர்த்து 1,200 கிலோமீட்டர் தடங்களுக்குமான 'டோலோமிதி சூப்பர்ஸ்கீ' பாஸ் ஒன்று. 1974-இல் தொடங்கிய இந்தக் கூட்டுப் பாஸ் பழகியவர்களுக்கு வரம். உச்ச பருவத்தில் ஒரு நாளுக்கு 80 யூரோவுக்கு மேல் ஆகும், நாள் கூடக் கூட நாளொன்றுக்கான விலை குறையும்.

ஆனால் புதியவர் முதல் நாளே ஆறு நாள் சூப்பர்ஸ்கீ பாஸ் வாங்குவது வீண். முதல் இரண்டு மூன்று நாள் ஒரே சரிவில்தான் ஏறி இறங்கப் போகிறீர்கள். ஆரம்பத் தடத்துக்கு மட்டும் செல்லும் மலிவான சீட்டு உண்டா என்று பயிற்சிப் பள்ளியிலேயே கேட்டு வாங்குங்கள். பெரிய பாஸை நாலாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்

நண்பர் கற்றுக்கொடுக்கிறேன் என்பார். மனைவியோ கணவரோ, 'நான் இருக்கிறேனே' என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். பனிச்சறுக்கில் முதல் பழக்கம் தப்பாகப் பதிந்தால் அதை மாற்றுவது மிகக் கடினம். பயந்துபோய் உடம்பைப் பின்னால் சாய்ப்பது மனித இயல்பு. சாய்ந்த நொடியில் பலகையின் முனை மேலே எழும்பிக் கட்டுப்பாடு போய்விடும். அதை ஒரு நாளில் இருபது முறை பொறுமையாகத் திருத்த ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆசிரியர்.

குழு வகுப்பு வழக்கமாக வாரத் தொடக்கத்தில் ஆரம்பித்து, காலையில் சில மணி நேரம், ஐந்து நாள் நடக்கும். தனி வகுப்பைவிட மிகவும் மலிவு. என் பரிந்துரை: குழு வகுப்பில் சேருங்கள், முதல் நாள் மதியம் மட்டும் ஒரு மணி நேரத் தனி வகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் புரியாதது அந்த ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆங்கிலம் பேசும் ஆசிரியர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

முதலில் வரும் பாடம் 'ஸ்பட்சனேவே'. இரண்டு பலகைகளின் முனையையும் நெருக்கி, வால்புறத்தை விரித்து, கூரை வடிவில் இறங்குவது. வேகம் குறைய வேண்டுமா, விரிப்பை அகட்டுங்கள். அப்புறம், இடப்பக்கம் திரும்ப வலக்காலில் எடையைப் போட வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும், செய்தால் புரியும். விழுவது பற்றிய வெட்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை சர்ரென்று போகும். அது இந்த மலையில் பிறந்த பிள்ளை.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடைக்கு வேலை கொடுங்கள். தினமும் கொஞ்சம் தோப்புக்கரணம், சுவரில் முதுகு சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல ஒரு நிமிடம். மூன்றாம் நாள் நீங்கள் எழுந்து நடப்பதை இது தீர்மானிக்கும்.

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது

சனிக்கிழமை வந்து சேர்ந்து பூட்ஸ் எடுங்கள். அடுத்த மூன்று நாள் காலை வகுப்பு, மதியம் சோக்ரேபெஸ்ஸில் அதே தடத்தில் சொந்தப் பயிற்சி. மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள். லிஃப்டுகள் நாலு மணியளவில் மூடும், ஆனால் கால் சோர்ந்த கடைசி ஓட்டத்தில்தான் பலருக்கும் அடிபடுகிறது.

வாரத்தில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். மலையில் பனிமூட்டம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், எது மேடு எது பள்ளம் என்று தெரியாது. அன்று தடத்தில் இறங்காதீர்கள். மூட்டமே வராவிட்டால் அந்த நாளில் பலகை இல்லாமல் ஃபால்ட்சாரேகோ கணவாய்க்குப் போய், அங்கிருந்து கேபிள் காரில் லகட்சுவோய் மலைமேல், சுமார் 2,750 மீட்டர் உயரத்துக்கு, ஏறுங்கள். பழகாதவர்களும் போய் வரலாம். அந்த மலையின் வயிற்றில் சுரங்கங்கள் இருக்கின்றன. முதல் உலகப்போரில் 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் இந்தப் பாறையைக் குடைந்து, ஒருவர் காலடியில் ஒருவர் வெடி வைத்தார்கள். போர் தொடங்கியபோது கோர்ட்டினா ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. ஊரின் பழைய குடும்பங்கள் இன்றும் லதீன் என்ற மலைநாட்டு மொழியைப் பேசுகின்றன (லத்தீன் அல்ல). உச்சியில் சூடான சாக்லேட்டோடு நின்று அந்த வெள்ளை அமைதியைப் பார்க்கும்போது, இதே குளிரில் இங்கே குளிர்காலங்களைக் கழித்த அந்த வீரர்களின் நினைவு என்னை விட்டுப் போகவே இல்லை.

நாலு நாள் முடிந்து எளிதான நீலத் தடத்தில் பயமில்லாமல் இறங்க முடிந்தால் சிங்க்வே தோர்ரிக்குப் போகலாம். ஐந்து கோபுரங்கள் என்று பெயர், பனியின் நடுவில் செங்குத்தாக நிற்கும் பாறைகள். அவற்றில் ஒரு சிறிய கோபுரம் 2004-இல் சரிந்து விழுந்தது. 2021-இல் திறந்த கேபின் லிஃப்ட் தொஃபானா பக்கத்தையும் இந்தப் பகுதியையும் இணைத்துவிட்டதால் சாலையில் வர வேண்டியதில்லை. ஆசிரியரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இங்கே சிவப்புத் தடங்களும் உண்டு. இத்தாலியில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பச்சை என்று தனி நிறம் கிடையாது.

சிவப்பில் நிம்மதியாக இறங்குகிறவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று, லகட்சுவோயிலிருந்து ஆர்மெந்தரோலா வரை இறங்கும் எட்டரை கிலோமீட்டர் தடம். இரு பக்கமும் பாறைச் சுவர், உறைந்து தொங்கும் அருவிகள். கடைசியில் தரை சமமாகிப் பலகை நகராது. அங்கே குதிரைகள் காத்திருக்கும். நீளமான கயிற்றை வரிசையாகப் பிடித்துக்கொண்டால் குதிரை இழுத்துச் செல்லும். அதற்குச் சில்லறை யூரோ தனியாக வேண்டும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பிவர பஸ்ஸோ பங்கு டாக்சியோ பிடித்துக் கணவாய்க்கு வர வேண்டும், ஆகவே மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

தடத்தின் ஒழுங்கு

முன்னால் போகிறவருக்குத்தான் முதல் உரிமை. பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். தடத்தின் நடுவிலோ மேட்டுக்கு அப்பால் மறைவிலோ நிற்காதீர்கள், ஓரத்தில் நில்லுங்கள். கம்பு நட்டுக் குறித்த எல்லையைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம், பழகாதவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. குடித்துவிட்டு இறங்கினால் அபராதம். அவசரத்துக்கு 112.

சாப்பாடு

மதியச் சாப்பாட்டை 'ரிஃபூஜ்ஜோ' எனப்படும் மலைக் குடில்களில் சாப்பிடுங்கள். சைவர்களுக்கு இங்கே பெரிய கஷ்டம் இல்லை. பீட்ரூட் பூரணம் வைத்த பிறைவடிவ பாஸ்தா, மேலே உருக்கிய வெண்ணெயும் கசகசாவும் தூவி வரும். பெயர் 'கசுன்சியேய்', இந்தப் பள்ளத்தாக்கின் சொந்தப் பலகாரம். நம் ஊர்ச் சோமாசியின் உருவம், ஆனால் சுவை முற்றிலும் வேறு. காளானோடு போலெந்தா என்ற மக்காச்சோளக் களியும் கிடைக்கும். பார்லி சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். 'சென்ட்சா கார்னே' என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். முட்டையும் சாப்பிடாதவர்கள் பாஸ்தா மாவில் முட்டை உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசி நாள்

வெள்ளிக்கிழமை மாலையே பலகையையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சூரியன் மறையும் நேரத்துக்கு ஊர் நடுவில் வந்து நில்லுங்கள். ஜனவரியில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் மங்கும். ஃபலோரியாப் பக்கத்துப் பாறைகள் முதலில் ஆரஞ்சாகி, பிறகு ரோஜா நிறமாகும். லதீன் மொழியில் இதற்கு 'என்ரோசதீரா' என்று பெயர். மேகமில்லாத நாளில் சில நிமிடம்தான் இருக்கும்.

சனிக்கிழமை வாரம் மாறும் நாள். எல்லா ஹோட்டல்களும் ஒரே நேரத்தில் காலியாகி நிரம்பும், பள்ளத்தாக்குச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். உங்கள் விமானம் மதியம் என்றால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மாலை விமானம் என்றாலும் பஸ் ஏறுவதிலிருந்து விமானம் கிளம்பும்வரை குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.